நோங்சிம் ஊரில் மாரிசெல்வி இருந்த ஆண்டு

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் தொழிலாளர் நலச் சங்கத் தலைவர் ஜீவானந்தம் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை அமலா அவர்களே, இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்து உட்கார்ந்திருக்கும் தோழர்களே, அடுத்த ஷிப்டுக்குப் போக வேண்டியிருந்தும் யூனிபார்மோடு வாசலில் நிற்கும் தங்கைகளே, வடக்குப்பட்டு ஊர்ப் பெரியோர்களே, எல்லோருக்கும் மேலாக, முன்வரிசையில் என் மனைவி மஞ்சுளாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாரிசெல்வியின் தாயார் மாடத்தி அம்மாள் அவர்களே, உங்கள் அனைவருக்கும் சங்கச் செயலாளர் ராஜாமணியின் வணக்கம்.

சென்ற மாதம் ஒரு காலை, முதல் ஷிப்டுக்குப் போகும் வழியில், வல்லக்கோட்டைத் திருப்பத்தில் கன்டெய்னர் லாரி மோதி நம் மாரிசெல்வி இறந்துபோனாள். முப்பத்தொரு வயது. அந்தக் காலையைப் பற்றி நான் இதற்கு மேல் எதுவும் சொல்லப்போவதில்லை. அந்தத் திருப்பத்தில் சிக்னல் வேண்டும் என்று சங்கம் போராடும். அதைப் பேச வேறு கூட்டம் இருக்கிறது. இன்று அவளைப் பற்றி மட்டும் பேசுவோம்.

எனக்கு முன் பேசிய நண்பர் அவளை "ஆங்கிலப் பெருங்கடல்" என்றார். நண்பர் மன்னிக்க வேண்டும், இதை நான் மறுத்தே ஆக வேண்டும். மாரிசெல்வி இங்கே இருந்திருந்தால் என் பக்கம் சாய்ந்து, "அண்ணே, இவரு யாரைச் சொல்லுதாரு?" என்று கேட்டிருப்பாள். சங்கரன்கோயில் பக்கத்துக் கிராமத்தில் தமிழ் வழியில் படித்து, டிப்ளமோ முடித்து, பத்தொன்பது வயதில் ஒரகடத்துக்குப் பஸ் ஏறியவள் அவள். அவள் ஆங்கிலம் கற்றது கல்லூரியில் அல்ல, கம்பெனி லைனில். ஆடிட்டுக்கு வந்தவர்களிடமும், மெஷினோடு வந்த வெளிநாட்டுக்காரர்களிடமும் பேசிப் பேசிக் கற்றுக்கொண்டாள். இலக்கணம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் அவள் பேசினால் எதிரே இருப்பவருக்குப் புரியும். எதிரே இருப்பவர் பேசுவதை அவள் பொறுமையாகக் கேட்பாள். ஒரு மொழிக்கு வேறென்ன வேண்டும்?

அவள் எங்கள் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்தவள். இந்த ஊர்க்காரர்களாகிய நம்மைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிலம் கம்பெனிக்குப் போனது, அந்தப் பணத்தில் வரிசையாக அறைகள் கட்டினோம், தெற்கத்திப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டோம். பெயர் கேட்டோமா? "மேல் ரூம் பொண்ணு", "கடைசி ரூம் பையன்", அவ்வளவுதான். என் வீட்டிலும் அவள் முதலில் மேல் ரூம் பொண்ணாகத்தான் இருந்தாள்.

ஏழு ஆண்டுகளுக்கு முன், அவள் வேலை பார்த்த முதல் கம்பெனியை மூடிவிட்டார்கள். கூட வேலை பார்த்த பிள்ளைகள் வேறு கம்பெனி கேட்டுகளில் போய் வரிசையில் நின்றார்கள். இவள் ஒருநாள் படியிறங்கி வந்து, "அண்ணே, ரூமைக் காலி பண்ணுதேன். ஊருக்குப் போறேன்" என்றாள்.

"எந்த ஊருக்கும்மா? சங்கரன்கோயிலுக்கா?"

"இல்லண்ணே, தாய்லாந்துக்கு. இங்கிலீஷ் டீச்சரா."

நான் சிரித்துவிட்டேன். மஞ்சுளா சிரிக்கவில்லை. "சம்பளம் இன்னா குடுப்பாங்க?" என்றுதான் கேட்டாள். சம்பளம் கிடையாது, ஒரு குடும்பத்தோடு தங்க இடமும் சாப்பாடும் உண்டு என்று தெரிந்ததும், "இன்னாடிது, பைத்தியம் புட்ச்சிக்கிச்சா உனக்கு?" என்றாள்.

விஷயம் இதுதான். அந்தப் பழைய கம்பெனியில் புது லைன் போட வந்த தாய்லாந்துப் பயிற்சிப் பெண் ஒருத்தி, மாதக்கணக்கில் மாரிசெல்வியோடு ஒரே மேஜையில் சாப்பிட்டவள். அவளுடைய அக்கா, தாய்லாந்தின் வடகிழக்கே நோங்சிம் என்ற நெல் விளையும் ஊரில் சின்னப் பள்ளிக்குத் தலைமையாசிரியை. அந்த ஊருக்கு ஆங்கில ஆசிரியர்கள் யாரும் வருவதில்லை. வந்தாலும் தங்குவதில்லை. "எனக்கு இங்கிலீஷ் வராதே" என்று இவள் சொன்னதற்கு, "இத்தனை மாதமாக என்னோடு எதில் பேசினாய்?" என்று அந்தப் பெண் கேட்டாளாம். அந்த ஒரு கேள்விதான் மாரிசெல்வியை விமானம் ஏற்றியது.

அங்கே அவளுக்குக் கிடைத்த வீடு எப்படிப்பட்டது தெரியுமா? மரத்தூண்களின் மேல் உயரமாகக் கட்டிய வீடு. கீழே எருமையும் வைக்கோலும், மேலே மனிதர்கள். வீட்டுக்காரர் எந்நேரமும் வயலில் இருப்பவர். அந்த வீட்டு அம்மாவின் பெயர் புன்மி. அங்கே அம்மாவை "மே" என்று அழைப்பார்கள். மாரிசெல்விக்கும் அவர் மே ஆனார். அவர்களுக்கு ஒரே மகள். அந்த மகள் தொலைவில், கடலோரத்துத் தொழிற்பேட்டையில், கார் பாகம் செய்யும் கம்பெனியில், நாலு பேரோடு ஒரு வாடகை அறையில் இருக்கிறாள். வருடப் பிறப்புக்கு மட்டும் வீட்டுக்கு வருவாள். நம் சித்திரை முதல் நாளும் அவர்களுடைய வருடப் பிறப்பும் ஒரே சமயத்தில்தான் வருகின்றன. அந்த மகள் படுத்த இடத்தில்தான், அவளுடைய கொசுவலைக்குள், மாரிசெல்விக்குப் படுக்கை போட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். பத்தொன்பது வயதில் அம்மாவை விட்டு வாடகை அறைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு, மகளை வாடகை அறைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் ஓர் அம்மாவின் வீடு கிடைத்திருக்கிறது. நம்மில் யார் அந்த அம்மாவின் பக்கமிருந்து நம் வாழ்க்கையைப் பார்த்திருக்கிறோம்? அவள் பார்த்தாள். ஓராண்டு முழுக்க, தினமும் பார்த்தாள்.

பள்ளிக்கூடத்தில் அவள் என்ன சொல்லிக்கொடுத்தாள்? தனக்குத் தெரிந்ததை. பாடம் தொடங்கும்போது "லைன் ஸ்டார்ட்". இடைவேளை "டீ பிரேக்". பிள்ளை சரியாகச் சொன்னால் "ஓகே". தப்பாகச் சொன்னால் "என்ஜி". வெளியூரிலிருந்து வந்திருக்கும் உறவினர்களுக்காகச் சொல்கிறேன், லைனில் ஒரு பாகம் சரியில்லையென்றால் நாங்கள் அதை என்ஜி என்போம். நன்றாக இல்லை என்று பொருள். அதைச் சிவப்புப் பெட்டியில் போட்டு, திரும்ப எடுத்துச் சரிசெய்தால் அது ரீவொர்க். உலகத்தில் ஆங்கிலம் பேசுகிற எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள் என்று நம் மாரிசெல்வி நினைத்திருக்கிறாள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து போகிறவளைத் தவிர வேறு யார் இந்தத் தவறைச் செய்ய முடியும்?

ஒருநாள் மாவட்டத்திலிருந்து கல்வி அதிகாரி பள்ளியைப் பார்வையிட வந்தார். ஒரு சிறுமியை எழுப்பி வாசிக்கச் சொன்னார். அவள் தடுமாறினாள். உடனே வகுப்பு மொத்தமும் மரியாதையாக எழுந்து நின்று, "சார், திஸ் ஒன் என்ஜி. ரீவொர்க், ப்ளீஸ்" என்றதாம். அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலைமையாசிரியைக்குத் தங்கை மூலம் ஃபேக்டரி பாஷை தெரியும், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார். மாரிசெல்விக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்ததாம். அதற்குப் பிறகு சரியான சொற்களைத் தேடித் தேடிக் கற்றுக்கொடுத்தாள். ஆனால் அந்த என்ஜியையும் ரீவொர்க்கையும் மட்டும் அவள் விடவில்லை. "தப்புன்னு சொன்னா பிள்ள மொகம் சுருங்கிருதுண்ணே. ரீவொர்க்குன்னா மறுபடி கை தூக்குது" என்று என்னிடம் சொன்னாள். ஆசிரியை அமலா அவர்கள் தலையாட்டுகிறார். அவருக்குத் தெரியும்.

சாயங்காலங்களில் பிள்ளைகள் மே வீட்டுக்கும் வந்துவிடுவார்கள். வீட்டுக்கு அடியில் பாய் விரித்துப் பாடம் நடக்கும். மே பக்கத்தில் உட்கார்ந்து மிளகாய் ஆய்ந்துகொண்டிருப்பார். ஆய்ந்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார். அந்த ஆண்டு முடியும்போது அவரும் ஆங்கிலம் பேசினார். அது மாரிசெல்வி கொடுத்த ஆங்கிலம், அச்சு அசல் ஒரகடம் ஆங்கிலம்.

திரும்பி வந்தவள் பழைய மாரிசெல்வியாக வரவில்லை. வேறு கம்பெனியில் சேர்ந்தாள், மறுபடி எங்கள் மாடிக்கே வந்தாள். வந்த முதல் ஞாயிறே மஞ்சுளாவிடம் போய், "அக்கா, பக்கத்து ரூம்ல அஞ்சு பிள்ளைக இருக்கு. ஞாயித்துக்கெழம ஒருவேளை உங்க வீட்ல உக்காந்து சாப்பிடட்டுமே" என்றாள். மஞ்சுளா பிடித்துக்கொண்டாள்: "வாடகைக்கு வுட்டா சோறும் போடணுமா? இன்னா சட்டம் இது?" இப்படிக் கேட்ட அதே மஞ்சுளாதான் அடுத்த வாரம் பெரிய குக்கர் வாங்கினாள். பிறகு இந்தத் தெருவில் வீடு வீடாக அது பரவியது. இன்று வடக்குப்பட்டில் பதினைந்து இருபது வீடுகளில் ஞாயிறு மதியம் தெற்கத்திப் பிள்ளைகள் பந்தியில் உட்காருகிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். சாப்பாட்டுக்கு முன் எங்கள் மொட்டை மாடிக் கொட்டகையில் ஆங்கில வகுப்பு. அந்த வகுப்பில் படித்துத் தேறி லைன் லீடர் ஆனவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். எழுந்து நிற்கச் சொல்லமாட்டேன், அழுவீர்கள்.

வகுப்பின் நடுவில் ஒவ்வொரு ஞாயிறும் மே வீடியோவில் கூப்பிடுவார். எல்லோரும் அவரோடு பேச வேண்டும், அதுதான் பரீட்சை. அவர் முதலில் கேட்பது ஒன்றே: சோறு தின்றாயா? நம் வீடுகளில் கேட்பதைப் போலவே அங்கேயும் அதுதான் நலம் விசாரிப்பு. பிள்ளைகள் பேசி முடித்த பிறகு மாரிசெல்வி போனை எடுத்துக்கொண்டு மாடி ஓரத்துக்குப் போய்விடுவாள். திரும்பி வரும்போது கண் கலங்கியிருக்கும். எப்போது திரும்பப் போவது, எப்போது மேயைப் பார்ப்பது என்ற ஏக்கம் அவளை விட்டுப் போனதே இல்லை. ஆனால் அவளுக்கு இன்னொரு ஏக்கம் இருந்தது. அது இதைவிடப் பெரியது. அதைச் சொல்லலாமா என்று இன்று காலை மாடத்தி அம்மாளிடம் கேட்டேன். "சொல்லுங்க அண்ணாச்சி, மறைக்க என்ன இருக்கு" என்றார்.

மாடத்தி அம்மாள் ஒருமுறைகூட மேயோடு பேசியதில்லை. பேச மறுத்தார். தீப்பெட்டி ஆபீஸ் என்று அங்கே சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்துத் தனியாளாக மகளை வளர்த்தவர் அவர். அந்த மகள் யாரோ ஒருத்தியை அம்மா என்கிறாள் என்று தெரிந்ததும் உள்ளே ஒன்று உடைந்துவிட்டது. "பெத்தவ நான் இங்க கெடக்கேன், அவ அங்க போயி எவளையோ அம்மாங்கா" என்றாராம். அதன்பின் மாரிசெல்வி, "அங்க மே வீட்ல ஒருநா…" என்று தொடங்கினால் போதும், "மழ பெஞ்சுதா?" என்று பேச்சை மாற்றிவிடுவார். மாரிசெல்வியும் ஒரு கட்டத்தில் சொல்வதை நிறுத்திவிட்டாள். இரண்டு பேரையும் ஒருமுறை பேச வைத்துவிட வேண்டும், இரண்டு பேரையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. அடுத்த சித்திரைக்கு அம்மாவை நோங்சிம் ஊருக்குக் கூட்டிப்போகப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தாள். அம்மாவிடம் திருப்பதி போவதற்கு என்று பொய் சொல்லியிருந்தாள். திருப்பதிக்கு எதற்குப் பாஸ்போர்ட் என்று அம்மாள் கேட்கவே இல்லையாம். தெரிந்துதான் கேட்கவில்லை என்கிறார்.

காரியமெல்லாம் முடிந்து, மகளுடைய அறையைக் காலி செய்ய மாடத்தி அம்மாள் இங்கே வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வகுப்புப் பிள்ளைகள் எங்கே போவதென்று தெரியாமல் வழக்கம்போல மாடிக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமான நேரத்துக்கு, அவர்களில் ஒருத்தியான பாண்டிச்செல்வியின் போன் அடித்தது. மாரிசெல்வி ஷிப்டில் இருக்கும் ஞாயிறுகளில் மே அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவார். இறந்த செய்தி அவருக்குத் தெரியும். அந்தத் தாய்லாந்துப் பயிற்சிப் பெண் முன்னமே போய்ச் சொல்லியிருந்தாள். தெரிந்தும் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாமல் இருக்க அவராலும் முடியவில்லை போலும்.

பாண்டிச்செல்வி போனை எடுக்கவா வேண்டாமா என்று என்னைப் பார்த்தாள். நான் மாடத்தி அம்மாளைப் பார்த்தேன். அவர் மகளுடைய சேலையை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததைக் கீழே வைத்துவிட்டு, "குடு இங்க" என்றார்.

திரையில் மே வந்தார். நரைத்த தலை, வெயிலில் கறுத்த முகம். மாடத்தி அம்மாளைப் பார்த்தார். "அம்மா" என்றார், நம் தமிழில். இரண்டு பேரும் அழுதார்கள். எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. அழுது முடித்து மாடத்தி அம்மாள் எங்களைப் பார்த்துச் சொன்னார்: "அங்க போயி எம் புள்ள எப்படி இருந்தா? என்ன தின்னா? எங்க படுத்தா? எல்லாம் கேளுங்க. நான் கேக்காம விட்டுட்டேன். இப்ப எனக்குச் சொல்ல இவளத் தவிர யாரு இருக்கா?"

உண்மைதானே? பெற்ற மகளின் முப்பத்தொரு ஆண்டுகளில் ஓர் ஆண்டு மட்டும் தாயிடம் இல்லை. அந்த ஓர் ஆண்டு உலகத்தில் ஒரே ஒருத்தியிடம் இருக்கிறது. அவருக்குத் தமிழ் தெரியாது. இவருக்கு அவர் பாஷை தெரியாது. போனில் மொழிபெயர்க்கும் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். மே பேசுவது அந்தப் பக்கத்துக் கிராமப் பேச்சு, ஆப்புக்குப் பிடிபடவில்லை. பன்றி, பாலம் என்று என்னென்னவோ எழுதிக் காட்டியது. அப்போது மே தானாகவே ஆங்கிலத்துக்கு மாறினார்.

"ஃபர்ஸ்ட் வீக், மாரி ஈட்டிங் என்ஜி" என்றார்.

மாடியில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அது அவர்களுடைய ஆங்கிலம். மாரிசெல்வி அங்கேயும் இங்கேயும் கொடுத்தது ஒரே ஆங்கிலம். மே ஒரு வரி சொல்ல, பாண்டிச்செல்வி அம்மாளுக்கு அதைத் தமிழில் சொன்னாள்: "மொத வாரம் அவ சாப்பிடவே இல்லையாம் பெரிம்மா. அங்க மீன ஊறப்போட்டு எல்லாத்துலயும் ஊத்துவாங்களாம், அந்த வாட ஒத்துக்கலையாம். ஒருநா மொளகா வத்தலும் புளியும் உப்பும் வச்சுத் தட்டி, சோத்துல பெசஞ்சு தின்னாளாம். மே ஒளிஞ்சு நின்னு பாத்துட்டு, மறுநாள் அத அவங்களே செஞ்சு வச்சாங்களாம். ரீவொர்க், ஓகேங்காங்க." மாடத்தி அம்மாள், "அந்தத் தொவையல் நான் செஞ்சு குடுப்பேன்" என்றார். அதைப் பாண்டிச்செல்வி அந்தப் பக்கம் சொன்னாள். மே தலையை ஆட்டி ஆட்டி, தெரியும் தெரியும் என்றார்.

பிறகு மே சொன்னதை எப்படிச் சொல்வேன்? பொழுது அடையும் நேரத்தில், பாடம் முடிந்து பிள்ளைகள் போன பிறகு, மாரிசெல்வி ஏணிப்படியில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். அங்கே பொழுது அடையும்போது நம் ஊரில் சாயங்காலம் ஐந்து மணி. என்ன பார்க்கிறாய் என்று மே கேட்டால், அம்மாவை என்பாளாம். இப்போது அம்மா தீப்பெட்டி ஆபீஸிலிருந்து இறங்குகிறாள். இப்போது ரோட்டைத் தாண்டுகிறாள். இப்போது குழாயடியில் கை கால் கழுவுகிறாள். இப்போது டீ போடுகிறாள், சீனி கம்மியாக. தினமும் சொல்வாளாம். தினமும் கேட்டுக் கேட்டு மேக்கு மாடத்தி அம்மாளின் சாயங்காலம் மனப்பாடம். அதை அந்த அம்மையார் திரையில் விரல் மடக்கி ஒவ்வொன்றாகச் சொன்னார். "அம்மா நௌ வாக்கிங். அம்மா நௌ வாட்டர். அம்மா நௌ டீ." பாண்டிச்செல்வி அதை மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை.

மாடத்தி அம்மாள் சொன்னது இது: "எம் புள்ள அங்க உக்காந்துக்கிட்டு என்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கா."

அன்று அவர் அறையைக் காலி செய்யவில்லை. மகளுடைய அறையில்தான் இருக்கிறார். மஞ்சுளா வாடகை பற்றி வாயைத் திறந்தால் என்னிடம் சொல்லுங்கள் என்றேன். மஞ்சுளா என்னை முறைத்தாள், அவள் அதற்கு முன்பே அம்மாளுக்குத் தட்டு வைத்துவிட்டிருந்தாள்.

தோழர்களே, இரங்கல் கூட்டங்களில் உறுதி எடுப்பது வழக்கம். பணியைத் தொடர்வோம் என்று எல்லா மேடையிலும் சொல்கிறோம், கீழே இறங்கியதும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். நானும் போயிருக்கிறேன். இந்த முறை அப்படிப் போக முடியாது. ஏனென்றால் மே இன்னும் சொல்லி முடிக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறார். நாற்று நடவு வரைக்கும்தான் வந்திருக்கிறோம். நம் மாரிசெல்வி சேற்றில் இறங்கி வழுக்கி விழுந்தது வரைக்கும் தெரியும். மழைக்காலம் பாக்கி இருக்கிறது. அறுவடை பாக்கி இருக்கிறது. குளிர் நாளில் அவள் எதைப் போர்த்திக்கொண்டாள், கிளம்பிய நாளில் ஏணியில் எப்படி இறங்கினாள், எல்லாம் பாக்கி இருக்கிறது. அவ்வளவையும் கேட்டு இந்த அம்மாளிடம் சேர்க்க நம் பிள்ளைகளுக்கு இப்போது இருக்கிற ஆங்கிலம் போதாது. அதனால் ஞாயிறு வகுப்பு நடக்கும். ஆசிரியை அமலா அவர்கள் பாடம் எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார், பாண்டிச்செல்வி துணை நிற்பாள். சித்திரையில் மாடத்தி அம்மாளை நோங்சிம் ஊருக்குக் கூட்டிப்போவது சங்கத்தின் பொறுப்பு. இதற்கு என் தலை ஈடு.

ஆனால் போன ஞாயிறு நான் அம்மாளிடம் போய், "அவசரப்படாதீங்க, சீக்கிரமே எல்லாத்தையும் கேட்டுடலாம்" என்று ஆறுதலாகச் சொன்னேன். அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்தார். "வேண்டாம் அண்ணாச்சி. மெள்ளமாச் சொல்லச் சொல்லுங்க. இருக்கறது ஒரு வருசந்தான். சட்டுன்னு முடிஞ்சிரக் கூடாது" என்றார்.

ஆகவே தோழர்களே, நம் வகுப்பு நெடுநாள் நடக்கும்.